சேந்தனுக்குப் போகும் வழி

புகார்ப் படிவத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. "என் வீட்டுக்காரருக்கு எங்கள் மகனின் பெயர் மட்டும் கேட்கவில்லை."

உலகம்மை அதை இரண்டு தரம் படித்தாள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கருவிப் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். பக்கவாதம் வந்தவர்களின் காதுக்குப் பின்னால் பொருத்தும் நரம்புப் பெட்டிகளில் கோளாறு வந்தால் அவளிடம்தான் வர வேண்டும். பெட்டி சுடுகிறது என்பார்கள், அரிக்கிறது என்பார்கள், நேற்றிலிருந்து என்னவோ மாதிரி இருக்கிறது என்பார்கள். கடைசியில் சொன்னதுதான் அதிகம். இவ்வளவு தெளிவாக ஒரு கோளாறை இதுவரை யாரும் எழுதித் தந்ததில்லை. புகார் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை எண்ணி எண்ணிப் பின்னால் வெட்கப்பட்டாள்.

எழுதிக் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். சண்முகத்தாய் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் நயினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, கையும் காலும் தப்பித்தன. பெயர்களையும் முகங்களையும் வைத்திருக்கிற இடம் மட்டும் பழுதாகிவிட்டது. பெட்டி பொருத்திய பிறகு எல்லாம் திரும்பி வந்தன. மனைவியைத் தெரியும், மச்சினனைத் தெரியும், கூட வேலை பார்த்த நாற்பது பேரையும் அவரவர் பட்டப்பெயரோடு தெரியும்.

மகன் சேந்தன் எட்டு மாதத்துக்கு முன்னால் பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான். பத்தொன்பது வயது. அன்றிலிருந்து இவருக்கு மகன் என்று ஒருவன் இல்லை.

மறதி இல்லை என்று சண்முகத்தாய் விளக்கினாள். அவன் பெயரைச் சொன்னால் காதில் விழுகிறது, ஆனால் உள்ளே போவதில்லை. போட்டோவைக் காட்டினால் சுவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். உங்கள் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தாயிற்று, கத்திப் பார்த்தாயிற்று, எழுதிக் காட்டியாயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மழை வருமா என்று கேட்கிறார்.

"சாவுப் பந்தல்ல வச்சு இவியளே கேட்டாவ, மேடம்," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, அவருக்குக் கேட்டாலும் விளங்காது என்பது அவளுக்குப் பழகிவிட்டது. "கொள்ளிச் சட்டியக் கையில வச்சுக்கிட்டு, 'பாவம், சின்னப் பையனால்லா இருக்கான், யாரு பெத்த பிள்ள'ன்னு எங்க அண்ணங்கிட்டயே கேட்டாவ. அண்ணன் அன்னைக்கிப் போனவருதான், வீட்டுப் பக்கம் வரல்ல. ஊர்ல இவியளுக்குக் கல்லுன்னு பேராயிட்டு."

நயினார் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரிங் போய்விட்டது, எண்ணெய் விட்டாலும் சத்தம் நிற்காது என்று உலகம்மையிடம் சொன்னார். அது உண்மைதான்.

அவள் வேலையைத் தொடங்கினாள். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதன்மேல் வழித்துணை என்று ஒரு மென்பொருள். ஒரு காலத்தில் கணினி வலையமைப்புகளுக்காக எழுதியது. செய்தி எந்தப் பாதையில் போனால் சீக்கிரம் சேரும் என்று கண்டுபிடித்து அனுப்புவது அதன் வேலை. நரம்புச் செய்திக்கும் அதுதானே வேண்டும் என்று யாரோ இதில் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். உலகம்மை படித்தவள் மட்டுமல்ல, எழுதியவர்களில் ஒருத்தி. தென்காசி வீட்டு மாடியில் உட்கார்ந்து இதன் சில பகுதிகளை எழுதி, உலகம் முழுவதும் இருக்கிற மற்ற தன்னார்வலர்களோடு மின்னஞ்சல் குழுவில் சண்டை போட்டவள். அந்தக் குழுவில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு வரியில் கேட்டால் இரண்டு பக்கத்தில் பதில் சொல்வாள் என்று.

முதலில் கம்பியைச் சந்தேகப்பட்டாள். கம்பி சுத்தம். பிறகு பதிப்பைப் பார்த்தாள். புதியதுதான். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இந்தத் தொழிலில் எவ்வளவு படித்தவர்களும் அதைச் செய்யாமல் விடுவதில்லை. ஒன்றும் மாறவில்லை. வழிகளின் பட்டியலைத் திரையில் விரித்தபோது ஆயிரக்கணக்கான வரிகள் வந்தன, எல்லாம் எண்கள். எந்த எண் சேந்தன் என்று தெரிய வேண்டுமானால் ஒன்றுதான் வழி.

"அக்கா, அவர்கிட்ட அந்தப் பேரச் சொல்லுங்க. நான் திரையப் பாத்துக்கிடுதேன்."

சண்முகத்தாய் கணவர் பக்கம் திரும்பி, "சேந்தன்" என்றாள். ஒரு வரி மினுங்கியது. செய்தி வந்தது, பெட்டியின் வாசலிலேயே விழுந்தது. இன்னொரு முறை, என்றாள் உலகம்மை. இன்னொரு முறை. உறுதி செய்துகொள்வதற்காக இருபது முறை சொல்ல வைத்தாள். சண்முகத்தாய் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதத்தில் அந்தப் பெயரைச் சொல் என்று கேட்ட முதல் ஆள் உலகம்மைதான். மற்றவர்கள் எல்லாரும் சொல்லாதே, மனசைத் தேற்றிக்கொள் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அந்த வரியின் நிலை என்ன என்று கேட்டதும் பெட்டி பதில் சொன்னது: ஒதுக்கிவைக்கப்பட்டது.

ஒதுக்கிவைக்கும் பகுதியை எழுதியது உலகம்மைதான். அமைப்புக் கோப்பைத் திறந்து கீழே போனாள். போகும்போதே தெரிந்துவிட்டது. அங்கே, அதிகபட்ச ஒதுக்கல் நேரம் என்பதற்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. பக்கத்தில் குறிப்பு: "இப்போதைக்கு. அடுத்த வாரம் மாற்ற வேண்டும். உ." ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சோதனை மேஜையில் ஒரு கம்பி லொடலொடவென்று இருந்தது. அதன் வழி எழுவதும் விழுவதுமாக இருந்து திரை முழுவதும் எச்சரிக்கைகள். கம்பியை மாற்ற மாடியிலிருந்து இறங்கிக் கடைக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாகப் பூஜ்யம் போட்டாள். பூஜ்யம் என்றால் எல்லை கிடையாது, அந்த வழியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒதுக்கி வைக்கலாம் என்று பொருள். திரை அமைதியானது. அடுத்த வாரம் வேறு வேலை வந்தது, அவ்வளவுதான். தாயாருக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு காரணம் இல்லை. மூன்று வருஷம் கழித்துக் குழுவில் ஒருவர் இந்தப் பூஜ்யம் ஆபத்தில்லையா என்று கேட்டபோது, தன் கையெழுத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். நிலையில்லாத வழி இருப்பதைவிட வழியே இல்லாமல் இருப்பது மேல் என்று வாதாடி ஜெயித்தாள். அந்தப் பதிலைப் பலர் பாராட்டினார்கள்.

"கண்டுபிடிச்சிட்டியளா, மேடம்?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

காரணம் கிடைத்துவிட்டால் கடைசிவரை விளக்கிச் சொல்லாமல் உலகம்மைக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்கு அந்தக் குணத்தை அடக்கியிருக்கலாம்.

"தூத்துக்குடியில இருந்து இங்க வர்ற ரோடு அடைச்சிருந்தா பஸ்ஸ ஸ்ரீவைகுண்டம் சுத்தி விடுவாங்கல்லா? இந்தப் பெட்டியும் அப்பிடித்தான். ஆனா ஒரு ரோடு திறந்து, அடைச்சு, திறந்து, அடைச்சுன்னு இருந்தா டிரைவர் என்ன செய்வார்? அந்தப் பக்கமே வேண்டாம்னு விட்டுருவார். மகன் தவறின அன்னைக்கு அந்தப் பேரு ஒரு மணி நேரத்துல நூறு தடவ எழுந்து எழுந்து விழுந்திருக்கு. அண்ணாச்சி மனசு தாங்காம விழுந்திருக்கு. பெட்டிக்குத் துக்கம்னா என்னன்னு தெரியாது. ரோடு சரியில்லன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிட்டு."

"எட்டு மாசமாவா?"

"ஒவ்வொரு தடவ விழும்போதும் ஒரு தண்டனைப் புள்ளி ஏறும். சும்மா விட்டா தானா இறங்கும். இறங்கினதும் தெறந்துரும். ஒதுக்கி வைக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கணும், அந்த எண் இதுல தப்பா இருக்கு."

தப்பாக இருக்கிறது என்றாள். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை மாற்றிப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

சண்முகத்தாய் படித்தவள் இல்லை என்றாலும் கணக்கு விளங்கும் ஆள்.

"சும்மா விட்டா இறங்கும்னு சொன்னீய. நான் சும்மா விடல்லியே. காலையில எந்திரிச்சு சேந்தன், சோறு வைக்கும்போது சேந்தன், வெளக்கேத்தும்போது சேந்தன்னு தெனமும் கூப்பிட்டு இவியளக் கேக்க வச்சேனே. அதுக்கும் புள்ளி ஏறுமா?"

"ஏறும்," என்றாள் உலகம்மை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மொத்தப் புள்ளி லட்சங்களில் இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் கூப்பிட்டால் ஏறத்தானே செய்யும் என்று தோன்றியது. பொருந்துகிற முதல் காரணம் கிடைத்ததும் அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா?"

"ரெண்டு மூணு நாள்ல தானாத் தெறந்திருக்கும், அக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். சண்முகத்தாய் அழவில்லை. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். வாயிலிருந்து ஏதோ தவறி வெளியே வந்துவிடக்கூடாது என்பது போல இறுக்கி மூடிக்கொண்டாள்.

நரம்பு டாக்டர் வந்து பார்த்தார். திறப்பது ஒரு கட்டளைதான், ஒரு நொடி வேலை. ஆனால் எட்டு மாதத் துக்கத்தை ஒரு மனிதர் ஒரே மத்தியானத்தில் தாங்க வேண்டும், அதை நாமும் அவர் மனைவியும் முடிவு செய்ய முடியாது, அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கு எப்படிச் சம்மதம் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை.

உலகம்மை நாற்காலியை நயினாருக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, உங்க பெட்டியில ஒரு வழி அடைச்சிருக்கு. தெறந்தா உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வரும். நல்ல விஷயம் இல்ல. ரொம்ப வலிக்கும். தெறக்காம விட்டா இப்ப இருக்க மாதிரியே இருக்கலாம். என்ன செய்யட்டும்?"

நயினார் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுத்தார். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது என்பதுதான் உலகம்மைக்கு ஆச்சரியம். இத்தனை நாள் யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"கிரேன்ல மேல உக்காந்திருக்கவனுக்குக் கப்பலோட அடித்தட்டுல என்ன கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, தங்கச்சி," என்றார். "கயிறு இழுக்கத வச்சுத்தான் கணக்கு. எட்டு மாசமாக் கயிறு இழுக்கு. பாரம் மேல வர மாட்டேங்கு. இவ மூணு பேருக்குப் பொங்குதா. எதுக்குட்டின்னு கேட்டா வாய் அசையுது, ஒண்ணும் வெளங்கல்ல. ஒடனே அழுதா. நாந்தான் என்னமோ பாதகம் செஞ்சிருக்கேன், அத எங்கிட்ட மறைக்காவன்னு நெனச்சுக்கிட்டேன்."

மனைவியைப் பார்த்துவிட்டு உலகம்மை பக்கம் திரும்பினார்.

"வெயிட்டா இருந்தாலும் தூக்கித்தான ஆவணும். தெறங்க."

உலகம்மை புள்ளிகளை அழித்தாள். எல்லையை ஒரு மணி நேரம் என்று மாற்றிச் சேமித்தாள். பிறகு சண்முகத்தாயைப் பார்த்து, கூப்பிடுங்க அக்கா என்றாள். சண்முகத்தாய் வாயிலிருந்து முந்தானையை எடுக்காமல் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. நீங்க சொல்லுங்க என்று கையால் காட்டினாள்.

அப்படித்தான் நயினாருக்குத் தன் மகன் பெயர் ஓர் அந்நியப் பெண்ணின் வாயிலிருந்து கிடைத்தது. உலகம்மை "சேந்தன்" என்றாள். வரி மினுங்கியது, செய்தி உள்ளே போனது.

"சேந்தன்," என்று திருப்பிச் சொன்னார் அவர். முகம் மலர்ந்தது. சுவரில் கடிகாரத்தைத் தேடினார். "மணி என்ன ஆச்சு? காலேஜு விட்டு வார நேரந்தான..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. திரையில் அந்த வரி விழுந்தது, எழுந்தது, விழுந்தது. இந்த முறை பெட்டி குறுக்கே வரவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் மனைவியிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். கொள்ளி வைத்தது நான்தானே என்று ஒன்று. அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"யாரு பெத்த பிள்ளன்னு கேட்டதும் நாந்தான?"

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். சட்டியின் சூடு இப்போதுதான் உறைக்கிறது போலிருந்தது. பிறகு அந்தக் கருவிப் பிரிவில், மற்ற நோயாளிகள் எல்லாம் எழுந்து வெளியே போகும்படி, அந்தப் பெரிய மனிதர் அழுதார். சண்முகத்தாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகம்மை தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூசி, எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

அடுத்த வாரம் முழுவதும் அவள் மின்னஞ்சல் குழுவோடு இருந்தாள். இந்தப் பூஜ்யத்தோடு எத்தனை பெட்டிகள் ஓடுகின்றன என்று எடுத்த கணக்கில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வந்தது. எண்ணைப் போட்டது நான், ஆபத்து என்று சொன்னவரின் வாயை அடைத்ததும் நான் என்று முதல் வரியிலேயே எழுதினாள். யார் பெட்டியையும் தானாகத் திறந்துவிட வேண்டாம், ஒவ்வொருவரிடமும் டாக்டர்கள் கேட்டபிறகே திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். முதல்முறையாக அவள் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்தது.

கடிதத்தோடு இணைக்க நயினார் பெட்டியின் பதிவேடு வேண்டியிருந்தது. எட்டு மாத வரிகளையும் எடுத்து நாள்வாரியாகக் கூட்டியபோது, தண்டனைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருப்பதைப் பார்த்தாள். பார்க்கத் தெரியாத பத்தி இல்லை. அன்றைக்குப் பார்க்காமல் விட்ட பத்தி. ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து கிளம்பியது என்று அதில் இருக்கும். வெளியிலிருந்து, அதாவது காது வழியாகவோ கண் வழியாகவோ வந்தவை, நாளொன்றுக்குப் பதினொன்று. அது சண்முகத்தாய். உள்ளிருந்து, அதாவது நயினாரின் சொந்த நினைவிலிருந்து கிளம்பி வாசலில் முட்டி விழுந்தவை, நாளொன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

உலகம்மை கூட்டலைத் திரும்பப் போட்டாள். அதேதான். பதினொன்றுக்கு அந்த வழியை அடைத்து வைக்கிற வலு கிடையாது. நாலு நாளில் திறந்திருக்கும். ஊர் கல் என்று சொன்ன மனிதர், யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே, காலையிலிருந்து தூங்கப் போகும்வரை தன் பிள்ளையைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தேடலும் உலகம்மையின் பூஜ்யமும் சேர்ந்துதான் வாசலை மூடி வைத்திருக்கின்றன. தன் தவறை ஒரு சொல்லில் மறைத்துவிட்டு, செய்யாத தவறை ஒரு தாயின் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தபோது, போனை எடுத்தாள். இதைப் போனில் சொல்லக்கூடாது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முத்தையாபுரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். நயினார்தான் திறந்தார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது, ஆனால் மனிதராக இருந்தார். உட்கார வைத்து, எழுந்துபோய் ஆல்பத்தை எடுத்து வந்தார். இது சேந்தன் மொட்டை போட்டபோது, இது சேந்தன் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில், பாதியில் செருப்பு அறுந்தும் சேந்தன் நிற்கவில்லை. மச்சினன் நேற்று வந்துவிட்டுப் போனாராம். வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

சண்முகத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடையும் பேச்சும் சாதாரணமாகத்தான் இருந்தன. வெயில் எப்படி, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று விசாரித்தாள். ஆல்பத்தின் பக்கம் திரும்பவில்லை.

"இவதான் அவன் பேரச் சொல்ல மாட்டேங்கா," என்றார் நயினார். "ஒரு வாரமா நானே பேசிக்கிட்டு இருக்கேன். கேட்டா எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிருதா."

உலகம்மை தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்த எண்ணத் தப்பாப் போட்டது நாந்தான். ஒம்பது வருஷத்துக்கு முன்னால, சோம்பேறித்தனத்துல போட்டேன். அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சண்முகத்தாய் அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"வேணும்னேவா செஞ்சீய," என்றாள் கடைசியில். "விடுங்க."

"இன்னொண்ணும் இருக்கு. நீங்க கூப்பிட்டதால அடைக்கல்ல. நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்." பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அன்றைக்குப் போல விளக்கவில்லை. இரண்டு எண்களை மட்டும் விரலால் காட்டினாள். "இது நீங்க. பதினொண்ணு. இது அண்ணாச்சி. நானூத்துச் சொச்சம்."

"எட்டு மாசத்துலயா?"

"ஒரு நாளைக்கு."

சண்முகத்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "டிவி முன்னாலதான உக்காந்திருந்தீய," என்றாள். "நான் ஒத்தையில கெடந்து கத்துதேன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு என்னட்டி தெரியும்," என்றார் அவர். குரல் உடைந்தது. "தெரிஞ்சிருந்தா ஒங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டேனா."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தாளை நாலாக மடித்து ஆல்பத்துக்குள் வைத்தாள். வைக்கும்போது படத்தைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக. நேரத்தோடு வந்துவிட்டோம், ஒன்றையாவது சரிசெய்துவிட்டோம் என்று உலகம்மை நினைத்தாள்.

"இப்பந்தான் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாவல்லா," என்றார் நயினார். "ஒரே ஒரு தடவ சொல்லேன். ஒன் வாயால நான் கேக்கணும்."

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். சொல்லத்தான் முயன்றாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது. கழுத்து நரம்பு எழுந்து நின்றது. கை தானாக முந்தானையைத் தேடி வாய்வரை வந்தது. அதை இன்னொரு கையால் பிடித்து இறக்கினாள். மறுபடி முயன்றாள்.

"பிள்ள..." என்றாள்.

அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

"பிள்ள," என்றாள் மறுபடியும். அதற்கு மேல் அந்தப் பெயர் வரவில்லை.